நாவல் மரத்தடியில் படுத்த மான்

குழந்தைகளே, மலையடிவாரக் காடு ஒன்றில் மருதி என்னும் புள்ளிமான் இருந்தது. பாறை இடுக்கில் சிக்கி அதன் பின்னங்கால் முறிந்தது. அன்று நாவல் மரத்தடியில் படுத்ததுதான். மழைக்காலம் முடிந்தும் எழவில்லை. மரத்தின்மேல் வாழ்ந்த கடுவன் குரங்கு இரக்கங்கொண்டு, தளிர்களை ஒடித்து அதன் வாயருகே போட்டு வந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஊன்றினால் மறுபடியும் முறியுமோ என்ற அச்சம்தான் ஆறவில்லை.

ஒருநாள் ஓடைக்கு அப்பால் செந்நாய்கள் வந்து நின்றன. அவை பாயவில்லை, ஊளையிடவும் இல்லை. மேயப் புறப்பட்ட மான்களை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பின. மறுநாளும் வந்தன.

மருதி மரத்தை அண்ணாந்து பார்த்துக் கடுவனைக் கேட்டது. "அண்ணா, அவை ஏன் வெறுமனே பார்த்துவிட்டுப் போகின்றன?"

"கூட்டம் நகரும்போது எது எழவில்லை என்று பார்க்கின்றன," என்றது கடுவன்.

"அவை பாய்ந்தால் நீ குரல் கொடுப்பாய் அல்லவா?"

"கொடுப்பேன், தாயே. ஆனால் என் குரல் உன்னைச் சுமந்து ஓடாதே."

மருதியின் தங்கை கடுவனைத் தனியே கண்டது. செந்நாய் வந்ததாக ஒரு பொய்க்குரல் கொடுத்தால் அக்காள் பதறி எழுவாள் என்று யோசனை சொன்னது.

கடுவன் இசையவில்லை. "இன்று பொய்க்குரல் கொடுத்தால், நாளை மெய்க்குரலை எந்த மான் நம்பும்?"

அது வேறொன்று செய்தது. தளிரை வாயருகே போடாமல், எட்டாத தூரத்தில் போட்டது.

மருதி சீறியது. "கிளையிலே உட்கார்ந்து தின்று வால் வளர்த்தவனுக்கு நொண்டியின் வலி தெரியுமா?"

"ஏசுவதற்கு இவ்வளவு மூச்சு இருக்கிறதே. அதில் பாதி போதும், இங்கே நடந்து வர."

பசி வென்றது. மருதி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அடுத்தடுத்த நாட்களில் தளிர்கள் இன்னும் தள்ளி விழுந்தன. தங்கையும் மற்ற மான்களும் இருபுறமும் அணைத்தாற்போல் நடந்து, அதை ஓடைவரை அழைத்துச் சென்றன. கால் வலித்தது. புதர் அசைந்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. அச்சம் போகட்டும் என்று மருதி காத்திருக்கவில்லை, அஞ்சிக்கொண்டே நடந்தது.

பனி மூடிய ஒரு விடியலில் கடுவனின் குரல் காட்டைப் பிளந்தது.

மான்கள் சிதறின. மருதியின் கால்கள் ஒரு கணம் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. "அக்கா, வா," என்றது தங்கை. மருதி ஓடியது. எல்லாருக்கும் கடைசியாகத்தான் ஓடியது. எதிரே பள்ளம் வாய் பிளந்து கிடந்தது. கண்ணை மூடித் தாவியது. முறிந்து கூடிய அந்தக் கால்தான் அக்கரை மண்ணில் முதலில் ஊன்றியது, தாங்கியது.

செந்நாய்களோ மற்ற மான்களைத் திரும்பியும் பாராமல், நேராக நாவல் மரத்தடிக்குப் பாய்ந்தன. அங்கே நசுங்கிய புல் மட்டும் கிடந்தது.

நீதி: நோய் தீர்ந்தபின்னும் படுத்தே கிடப்பவருக்குப் படுக்கையே பகை, அஞ்சியேனும் எழுந்து நடப்பவரை அவர் கால்களே காக்கும்.