மேனேஜர் வாங்காத கார்டு

இட்லிமாவு விற்கும் அம்சவேணிக்குப் பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் வேண்டும்; ஒரு வருஷத்தில் மெல்ல அடைத்துவிடுவாள். பேங்க் மேனேஜர் புருஷோத்தமனோ கிரெடிட் கார்டை நீட்டினார்.

"வட்டியே இல்லம்மா! நாற்பத்தைந்து நாள் மகாராணியாட்டம் இரு! கடன் கிடன்னு பேசினா உன் பக்கம் திரும்பவே மாட்டேன்!" என்று ஹால் அதிர முழங்கினார். வரிசையில் நின்றவர்கள்கூட ஆசையாகக் கார்டை எட்டிப் பார்த்தார்கள்.

அம்சவேணி கன்னத்தில் கைவைத்தாள். "அடேங்கப்பா! அப்போ நீங்க உங்க வீட்டுக்கு மாடி கட்டினதும் இந்தக் கார்டைத் தேய்ச்சுத்தானா சார்?"

"எனக்கென்ன பைத்தியமா? கெடு தாண்டினா வட்டி தோலை உரிச்சிடும்! நான் கடன் வாங்கி மாசாமாசம் கட்டுறேன்!"

வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது.

"எனக்கும் பைத்தியம் இல்லைங்க சார். அதே கடனைக் குடுங்க."

மேனேஜர் பேனாவைத் தேடினார்.