விரிசல் விடாத மண்டபம்

ரொம்ப காலத்துக்கு முன்னாடி அலையூர்ச் சீமையைக் கீர்த்திசேகரன்னு ஒரு ராசா ஆண்டாரு. காலையில சொன்னதை மத்தியானம் மறந்துடுவாரு. தலையை வாங்குன்னு சொன்னதை மட்டும் மறக்கவே மாட்டாரு.

கடற்கரை மணல்ல அவரு கட்டின கல்மண்டபம், பூமி அதிர்ந்த அன்னிக்கு அப்படியே ஒருபக்கமா சாஞ்சு முழங்காலளவு மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு. மேற்பார்வை பாத்த நில அளவை அதிகாரி உலகளந்தார், "கொத்தன் மாசாணம் கட்டினது சரியில்ல"ன்னு கைகாட்டினாரு. பொழுது சாயறதுக்குள்ள மாசாணம் தலை போகணும்னு தீர்ப்பாச்சு. சபைத் தூண்ல அவனைக் கட்டிப் போட்டிருந்தாங்க.

அவன் பெண்சாதி வெள்ளத்தாயி அந்த மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அரைச்சவ. அழுது முடிச்சு, மண்டபத்தை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, நேரா சபையில வந்து நின்னா.

"மகாராசா, அங்க ஒரு விரிசல் இல்ல. கதவு இன்னும் சத்தமில்லாம மூடிக்குது. கட்டினது தப்புன்னா சுவரு பிளந்திருக்கணும். உடையாம முழுசா சாஞ்சிருக்குன்னா தப்பு கீழ அஸ்திவாரத்துல இருக்கு. கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் ஆறு முழம் தோண்டணும்னாரு எம்புருசன். ஒன்றரை முழத்துல தண்ணி ஊறினதும் போதும்னு நிறுத்தினது இந்த உலகளந்தாரு."

உலகளந்தார் சிரிச்சாரு. "அந்த மணல்ல யானையையே நிறுத்திக் காட்டினேன். ஒரு விரல்கூட இறங்கல."

"இப்ப யானை எதுக்கு சாமி. நீங்களே போதும்."

ராசாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. அவளுக்கு வரல.

யானை தண்ணி குடிக்கிற மரத்தொட்டியில கடல்மணலை நிரப்பி, மணலுக்கு மேல தெரியாத அளவுக்குத் தண்ணி ஊத்தினா. உலகளந்தாரோட தேக்குப் பீடத்தை அது மேல வச்சு அவரையே உக்காரச் சொன்னா. உக்காந்தாரு. அசையல.

"கல்லு மாதிரி இருக்கு மகாராசா"ன்னு மீசையைத் தடவினாரு.

அவ காவக்காரங்களைக் கும்பிட்டா. "அண்ணமாரே, அன்னிக்குப் பூமி அதிர்ந்த மாதிரி அதிரணும், ஈட்டியைத் திருப்பிப் பிடிச்சு தொட்டியை அடிங்க. நிறுத்தாதீங்க."

அடிக்க அடிக்க மணல் மேல தண்ணி பொங்கி வந்துச்சு. கெட்டியா இருந்த மணல் கஞ்சியாப் போச்சு. பீடம் ஒருபக்கமா சாஞ்சு இறங்க, உலகளந்தார் தலைப்பாகையோட தொட்டிக்குள்ள கவிழ்ந்தாரு.

வெள்ளத்தாயி பீடத்தை இழுத்தெடுத்து, முந்தானையால துடைச்சு, ராசா முன்னாடி வச்சா.

"பாருங்க மகாராசா, ஒரு கீறல் இல்ல. இதைச் செஞ்ச ஆசாரி தலையையும் எடுத்துடலாமா?"



"ஏன் தோண்டறதை நிறுத்தினே?"ன்னாரு ராசா.

உலகளந்தார் மணலைத் துப்பிக்கிட்டே, "உங்க பிறந்தநாளுக்குள்ள முடிக்கணும்னு நீங்கதானே..."ன்னு இழுத்தாரு.

 ராசா சிம்மாசனத்துல இருந்து எறங்கி வந்து மாசாணத்தோட கட்டைத் தன் கையாலயே அவிழ்த்தாரு. புது மண்டபத்துக்கு வெள்ளத்தாயிதான் மேற்பார்வை. ஆறு முழமும் தோண்ட உலகளந்தார் கையில மண்வெட்டி.

"வேற என்னம்மா வேணும்?"

"பழைய மண்டபத்தை இடிக்காதீங்க மகாராசா. சாஞ்சே நிக்கட்டும்."

அதுக்கப்புறம் யாரு தலையை வாங்கச் சொல்றதுக்கு முன்னாடியும், ராசா தனியா அங்க போயி அந்தக் கதவை ஒரு தடவை தொறந்து சாத்திப் பாப்பாராம். சத்தமே வராதாம்.