அணில் கேட்காமல் விட்ட கேள்வி

ஒரு காட்டில் ஆறு ஒன்று இருந்தது, குழந்தைகளே. மழைக்காலத்தில் யானையையே புரட்டிப் போடும் ஆறு. இந்தக் கதை நடந்த கோடையில் மட்டும் அது சுருங்கிச் சுருங்கி, இரண்டே இரண்டு குட்டையாகக் கிடந்தது. ஒன்று மேலத்துறை, மற்றது கீழத்துறை.

அந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் சிறுத்தை படுத்திருக்கும். எதில் என்று தெரியாமல் தண்ணீருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை.

மேலத்துறை மரத்தில் நீலாயி என்ற மந்தி காவல் இருந்தாள். கீழத்துறைப் பாறையில் மயில் காவல் இருந்தது. முன்பெல்லாம் சிறுத்தையைக் கண்டால் இவர்கள் கத்துவார்கள். மான்களுக்காகக் கத்தினால் முயல்களும் ஓடும், பன்றிகளும் ஓடும், காடே தலைதெறிக்க ஓடும். அதுதான் போகட்டும் என்றால், சிறுத்தைக்கும் காது இருந்ததே! "ஓகோ, பார்த்துவிட்டார்களா?" என்று சோம்பல் முறித்து எழுந்து, அடுத்த துறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் மலையணில் செவத்தா.

"கத்தவே வேண்டாம். காட்டுக்கொடிகளை முடிந்து நீளமாகக் கட்டுவோம்" என்றாள். "நீ அங்கே இழுத்தால் இங்கே ஆடட்டும்."

"யார் யாருக்குக் கொடி கட்டுவது?" என்று பன்றி கேட்டது. "எல்லோரும் எல்லோருக்கும் கட்டினால் காடு சிலந்திவலை ஆகிவிடும். நான் எங்கே நடப்பேன்?"

"எல்லாக் கொடியும் நடுக்காட்டு வேங்கை மரத்துக்கு வரட்டும். நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். வந்த சேதியை யாருக்குச் சேர வேண்டுமோ அவர்கள் கொடியில் மட்டும் இழுத்துவிடுகிறேன்."

அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு கொடியின் நுனியிலும் விதை குலுங்கும் காய்ந்த வாகை நெற்றுகளைக் கொத்தாகக் கட்டினார்கள். தூரத்தில் ஒருவர் இழுத்தால் இங்கே நெற்று சலசலக்கும். ஒருமுறை இழுத்தால், துறையில் யாரும் இல்லை, வரலாம். மூன்று முறை இழுத்தால், சிறுத்தை.

முதல் வாரமே ஒரு வம்பு வந்தது. காற்றடித்து நெற்று ஆட, அதைச் சேதி என்று நினைத்து முயல்கள் துறைக்குப் போய்விட்டன. நல்லவேளை, தப்பித்தன. அன்று செவத்தா ஒரு மறுகேள்வி ஏற்படுத்தினாள். சேதி வந்ததும் அவள் அதே கொடியைத் திருப்பி இழுப்பாள். இரண்டு இழுத்தால் நீலாயி அதோடு மூன்று சேர்த்து ஐந்து இழுக்க வேண்டும். நான்கு இழுத்தால் ஏழு. மயில் கூட்ட வேண்டிய எண் வேறு. அது அவரவருக்கும் செவத்தாவுக்கும் மட்டுமே தெரியும். பதில் சரியாக வந்தால்தான் சேதி அடுத்த கொடிக்குப் போகும்.

அதற்கப்புறம் எட்டு நாள் சிறுத்தைக்கு ஒரு முயல் கூடக் கிடைக்கவில்லை. வயிறு ஒட்டிப்போன அது, தன் எச்சிலைத் தின்று பிழைக்கும் புனுகுப்பூனை புனுகனைக் காலடியில் அமுக்கிக்கொண்டு சொன்னது: "ஒரு மானைக் கொண்டு வா. இல்லையென்றால் நீ."

புனுகன் கொடிக்கு அடியில் ஒளிந்திருந்து கேட்டுப் பார்த்தான். ஒருநாள் இரண்டுக்கு ஐந்து, மறுநாள் ஒன்றுக்கு நான்கு. அவனுக்குக் கணக்கு வராது. ஆனால் கோள் மூட்ட நன்றாக வரும்.

மேலத்துறை மரத்தடிக்குப் போனான்.

"நீலாயி அக்கா, கண்ணு போக நீங்க காவல் காக்கிறீங்க. அவ என்னடான்னா ஒவ்வொரு தடவையும் 'நீ யாரு, நீ யாரு'ன்னு கேக்கிறா. உங்களை நம்பலைன்னுதானே அர்த்தம்?"

"அது காத்துக்காகக் கேக்கிறதுடா."

"இன்னைக்குக் காத்தே அடிக்கலையே அக்கா. இன்னைக்கும் கேட்டாளே?"

நீலாயியின் முகம் சுருங்கியது. மறுநாள் காலை வேங்கை மரத்துக்கே நேரில் வந்துவிட்டாள்.

"ஏண்டி செவத்தா, இத்தனை நாள் பழகியும் என்னைத் திருடியைக் கேக்கிற மாதிரி கேக்கிறியே, எனக்கு எப்படி இருக்கும்?"

செவத்தாவுக்குப் பகீரென்றது. அவள் எதையும் தாங்குவாள். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மட்டும் தாங்கமாட்டாள்.

"ஐயோ, அப்படி இல்லக்கா! எல்லாருக்கும் பொதுவா..."

"எல்லாரும் நானும் ஒண்ணா?"

அந்தச் சமயம் பார்த்து மான் கூட்டத்தின் தலைவி ஆராயியும் கீழே வந்து நின்றாள். "நீ கேட்டு, அவ பதில் சொல்லி, அப்புறம் எங்களுக்குச் சொல்றதுக்குள்ள குட்டிங்களுக்கு நாக்கு வறண்டுபோகுது தாயி" என்றாள்.

இரண்டு பக்கமும் இடித்தால் அணில் என்ன செய்யும்? "சரி, இனிமே கேக்கலை" என்றாள் செவத்தா. நீலாயியைக் கேட்காமல் மயிலை மட்டும் கேட்டால் அது கோபித்துக்கொள்ளுமே! மயிலுக்கும் மறுகேள்வி நின்றது.

நீலாயி சிரித்த முகமாகத் திரும்பிப் போனாள். செவத்தாவுக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல். இலை கூட அசையாத வெயில். மேலத்துறை நெற்று ஒருமுறை ஆடியது.

"வரலாம்" என்று சொல்லிக்கொண்டே செவத்தா மான்மேட்டுக் கொடியை ஒருமுறை இழுத்துவிட்டாள். தூரத்து மேட்டில் புழுதி கிளம்பியது. பதினொரு மான்களும் புறப்பட்டுவிட்டன.

அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது.

நீலாயியின் கை நீளம். அவள் இழுத்தால் நெற்று இழுபட்டு, நீளமாய்ச் சலசலத்து ஓயும். இது வெடுக்கென்று சலங்கை தட்டியது போல ஆடி நின்றுவிட்டதே?

செவத்தா கொடியின் மேல் கையை வைத்தாள்.

'சேதியை அனுப்பிவிட்டு இப்போது கேட்டால் நீலாயி என்ன நினைப்பாள்? முந்தாநாள்தான் சமாதானம் ஆனாள்.'

கையை எடுத்துவிட்டாள்.

புழுதி மேட்டை விட்டு இறங்கியது. இனி மான்மேட்டுக் கொடியை இழுத்துப் பயனில்லை. அங்கே கேட்க யாரும் இல்லை. 'கை மரத்துப்போயிருக்கும். உட்கார்ந்த வாக்கில் இழுத்திருப்பாள்' என்று செவத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி கொடியைத் தொட்டாள். மறுபடி எடுத்தாள். புழுதி மூங்கில் புதரைத் தாண்டியது. மூங்கிலுக்கு அப்புறம் ஒரே ஒரு வளைவு, அதற்கப்புறம் மேலத்துறை.

'கோபித்துக்கொண்டால் காலில் விழுந்துவிடலாம்.'

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை இழுத்தாள்.

நெற்று ஆடவில்லை. பிறகு ஆடியது. ஒன்று. இரண்டு.

மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

ஐந்து வர வேண்டிய இடத்தில் இரண்டு! கொடியின் அந்த முனையில் இருப்பது நீலாயி இல்லை.

கத்தினால் அணிலின் குரல் மூங்கில்வரை போகாது. ஓடினாலும் எட்டாது. செவத்தா ஒரு கணம்தான் யோசித்தாள். முயல்வளைக் கொடி, பன்றிப்புதர்க் கொடி, கீழத்துறைக் கொடி என்று கைக்கெட்டிய கொடிகளையெல்லாம் ஒரே கட்டாக வாரி அணைத்தாள். அப்படியே கிளையிலிருந்து குதித்தாள். தொங்கி மேலே ஏறினாள். மறுபடி குதித்தாள். மூன்றாவது முறை குதித்தபோது கொடி அறுத்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது.

ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் மூன்று! முயல்கள் தரையைத் தட்டின. பன்றிகள் உறுமின. கீழத்துறையிலிருந்து மயில் அகவியது. எந்தத் துறை, யாருக்கு என்று எவருக்கும் தெரியவில்லை. ஆனால் பழையபடி காடே கத்தியது.

வளைவில் ஆராயி சட்டென்று நின்றாள். பின்னால் வந்த குட்டிகள் அவள்மேல் மோதி நின்றன.

"திரும்பு! எல்லாரும் திரும்பு!"

எல்லோரும் திரும்பினார்கள், ஒருவனைத் தவிர. துள்ளன் என்ற இளம் கலைமான் எப்போதும் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவன். காடு கத்தியபோது அவன் தண்ணீரில் வாய் வைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். நாணல் இரண்டாகப் பிளந்தது. அவ்வளவுதான்.

வேங்கை மரத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவள் நீலாயி. மூச்சு வாங்கியது.

"செவத்தா! கொடியை நடுவழியில யாரோ கடிச்சுட்டாங்க! சிறுத்தை வந்து படுத்ததும் மூணு இழுத்தேன், கொடி கையோட வந்துடுச்சு. அறுந்த இடத்தைத் தேடிக்கிட்டே வந்தா, அந்தப் புனுகன் மறுமுனையை வாயில கவ்விக்கிட்டு உட்கார்ந்திருக்கான்! பன்றிங்க இப்ப அவனை விரட்டிக்கிட்டு ஓடுதுங்க. அது கிடக்கட்டும், மான்களை நிறுத்திட்டியா?"

"நிறுத்தினேன்."

"எல்லாரையுமா?"

கீழே காலடிச் சத்தம் கேட்டது. ஆராயி வந்தாள். அவள் பின்னால் குட்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"பதினொரு பேராப் போனோம் தாயி. பத்துப் பேர் நிக்கிறோம்."

அணில் கிளையைவிட்டு இறங்கி, தரைக்கு வந்து, ஆராயியின் முன்னால் நின்றாள்.

"அந்த இழுப்பு சரியில்லைன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு தரம் கையை எடுத்துட்டேன். எடுக்காம இருந்திருந்தா நீங்க மூங்கிலுக்கு இந்தப் பக்கமே நின்னிருப்பீங்க."

"ஏன் எடுத்தே?"

"நீலாயி அக்கா வருத்தப்படுவாளேன்னு."

மந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கோவம் ஒரு பொழுதுல போயிருக்குமேடி" என்றாள். "துள்ளன் வருவானா?"

ஒரு குட்டி தாகத்தில் முனகியது. ஆராயி அதை நக்கிக் கொடுத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"குட்டிங்க இன்னும் தண்ணி குடிக்கலை. கீழத்துறையை விசாரி."

செவத்தா மரம் ஏறினாள். கீழத்துறை நெற்று ஒருமுறை ஆடியது. ரத்தம் காயாத கையால் கொடியைப் பிடித்து, நான்கு இழுத்துக் கேட்டாள்.

மயிலின் பதில் முழுசாக வந்து முடியும்வரை, மரத்தடியில் பத்து மான்களும் ஓர் எட்டுக்கூட எடுத்து வைக்கவில்லை.

நீதி: தெரிந்தவர் சொன்னதையும் கேட்டுச் சரிபார்ப்பது அவமரியாதை அல்ல, நம்மை நம்பி நடப்பவர்களுக்கு அதுவே காவல்.