பாசியைக் கழற்றிய நண்டு

குளிர்க்கடல் ஒன்றின் கரையோரம், தண்ணீருக்கு அடியில் ஒரு காடு இருந்தது. மரக்காடு இல்லை, குழந்தைகளே, பனை உயரத்துக்கு வளர்ந்த பாசிக்காடு. அங்கே ஒரு நண்டு வாழ்ந்தது. பாசியைப் பிய்த்து முதுகில் ஒட்டிக்கொள்வது அதன் குல வழக்கம். அசையாமல் உட்கார்ந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

கோடையில் அந்தக் காட்டைப் பார்க்க மனிதர்கள் முக்குளித்து வருவார்கள். உடம்பெல்லாம் ரப்பர் உடை, முதுகில் காற்று உருளை, கையில் விளக்கும் கேமராவும். குளிரில் பல் கிட்டிப்போனாலும் ஆசை யாரை விட்டது? வந்ததும் நேராக அங்கிருந்த ஓடில்லாத ஆரஞ்சு நிறக் கடல்நத்தை ஒன்றிடம் போய், படம் மேல் படமாக எடுத்துத் தள்ளுவார்கள். ஒருமுறை ஒருவர் நண்டின் முதுகிலேயே கையை ஊன்றிக்கொண்டு நத்தையைப் படம் எடுத்தார்!

நண்டுக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஓடில்லாத ஊளைச்சதைக்கு வந்த வாழ்வைப் பார்!" என்று பொருமியது.

"கோபப்படாதே, தம்பி. என்னைக் கடித்தால் வாய் வெந்துபோகும். அதனால் நான் மினுக்கித் திரிகிறேன். உனக்கு அந்தப் பாசிதான் காவல்" என்றது நத்தை.

"போ, போ! உனக்குப் பொறாமை" என்றது நண்டு.

எதிர்ப்பாறை இடுக்கில் ஒரு பேய்க்கணவாய் பதுங்கியிருந்தது. எட்டுக் கை இருந்தும் மூன்று நாளாகப் பட்டினி. குரல் வந்த பக்கம் இருபது பாசிக் குவியல்கள். தப்பானதைப் பிடித்தால் நண்டு ஓடிவிடும்.

"நண்டு அண்ணா, குரல் கேட்கிறது, ஆளைக் காணோமே! பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியவில்லை. அந்த மனிதர்களுக்கு எப்படித் தெரியும், பாவம்? உங்கள் ஓடு செக்கச் சிவப்பாமே!" என்று இடுக்கிலிருந்தே குரல் கொடுத்தது.

"யார் சொன்னது?" நண்டு குழைந்தது.

"ஊரே சொல்கிறது. அதோ, நீர்க்குமிழி தெரிகிறது பாருங்கள். வந்துவிட்டார்கள், சீக்கிரம்!"

"வேண்டாம், வேண்டாம்!" என்று நத்தை கத்தியது. யார் கேட்டது? நண்டு அவசர அவசரமாகப் பாசியைப் பிய்த்து எறிந்தது. ஓடு பளபளத்தது. முக்குளித்து வந்த ஒரு பெண்ணின் விளக்கு நேராக அதன்மேல் விழுந்தது. நண்டு கொடுக்கை உயர்த்தி ஒய்யாரமாக நின்றது.

அந்த நொடியே எட்டுக் கைகளும் அதை வளைத்துக்கொண்டன.

அந்தப் பெண் அன்று நாற்பது படம் எடுத்தாள். நாற்பதிலும் நண்டு இருந்தது, பேய்க்கணவாயின் வாயில்.

நீதி: பிறர் கண்ணில் படுவதற்காக, நம்மைக் காப்பதைக் கழற்றி எறியக் கூடாது.