இரண்டு புள்ளி

ஐம்பத்தெட்டு வயதில் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் நாச்சிமுத்து. குரு தமயந்திக்கு நாற்பது வயது. சிங்காநல்லூரில் பழைய பைக்குகளைப் பிரித்து மாட்டுகிறவள். அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள்.

எல்லாம் தம்பி சென்னியப்பனின் வண்டிக்காக. பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒரு மெக்கானிக் அதன் இன்ஜினைப் பிரித்து மாட்டிக் கொடுத்தான். பத்து மைல் ஓடவில்லை, பிஸ்டன் இறுகிச் சக்கரம் நின்றுவிட்டது. விழுந்தவனின் இடது கால்மேல் பின்னால் வந்த லாரி ஏறியது. யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு நாச்சிமுத்துவின் வாய்தான் வலித்தது. தம்பி சொல்லவே இல்லை. வண்டியை நீயே சரிபண்ணு, தமயந்தியிடம் போய்க் கற்றுக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

மூன்று மாதம் கழித்து அந்த இன்ஜினைத் திறந்தார்கள். மேசையில் சாய்த்துப் போட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றினார் நாச்சிமுத்து. நடுவே எண்ணெய் கசியாமல் வைத்த பேக்கிங் தாள் முழுசாகக் கையோடு வந்தது. பழைய வண்டிக்கு அது கடையில் கிடைக்காது. தாளை மூடியின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மகராசன் ஓரத்தை அழகாக வெட்டியிருந்தான். பிஸ்டனுக்கு எண்ணெய் போகிற துளையை மட்டும் போடவில்லை.

நாச்சிமுத்து வண்டை வண்டையாகத் திட்டினார்.

மூடியின் உட்புறத்தில் கூரான பஞ்ச் உளி வைத்துக் குத்திய இரண்டு புள்ளிகள் இருந்தன. இன்ஜினைத் திறக்கிறவர் உள்ளே தன் அடையாளத்தை வைப்பது சிங்காநல்லூர் மெக்கானிக்குகளின் வழக்கம்.

"இது யாரோட புள்ளி அம்மிணி? பேரை மட்டும் சொல்லுங்க. இதே சுத்தியல்ல அவன் கையை உடைக்கறேன்."

தமயந்தி அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல பேக்கிங் வெட்டுங்க. சொல்றனுங்ணா."

வெட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசவு. அவன் பெண்டாட்டி பிள்ளை, அவன் பரம்பரை, ஒருவரையும் விடவில்லை. வெட்டிய தாளை இன்ஜின்மேல் படிய வைத்துவிட்டு, இப்போது சொல் என்பதுபோல நிமிர்ந்தார்.

தமயந்தி எண்ணெய்க் குப்பியைச் சாய்த்துத் தாளின் மூலையில் நாலு சொட்டு விட்டாள். உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் தாள்மேலேயே நின்றது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார். முகம் இருண்டது. ஆனாலும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"பேரு?" என்றார்.

"தமயந்தி."

அவர் கை சுத்தியலை இறுக்கிப் பிடித்தது.

"நான் மாட்டுன வண்டி இதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுமுங்ணா" என்றாள். வலது கையை அவர் முன்னால் மேசையில் விரித்து வைத்தாள்.

"உடைக்கறதுன்னா உடைச்சுக்குங்க. அதுக்கு முன்னால, நீங்க வெட்டினதுல தொளையப் போட்டுருங்க."