டி பிளாக், மூணாவது ரூம்

"மேடம், இதுக்கு மேல என்னால முடியாதுங்க," என்றார் குணாளன்.

கோவையில் கம்பைலர் எழுதுகிற ஆபீஸ் எங்களுடையது. மற்றவர்கள் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் வேலை. எங்களுக்குக் குரு ரெஜினா மேடம். குணாளன் அவரைவிட வயதில் மூத்த சிஷ்யர்.

"இப்ப என்ன?"

"மோட்டார் கம்பெனிக்காரங்க திரும்பவும் கூப்பிட்டுட்டாங்க. டி டிரைவ்ல ஒரு ஃபைலைக் கேட்டா, அதே பேர்ல வேற ஃபோல்டர்ல கிடக்கிற பழசை நம்ம கம்பைலர் எடுத்துட்டு வருதாம். அந்தப் பழசை வெச்சு ஓட்டி நேத்து ஒரு மோட்டாரே எரிஞ்சு போச்சு. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நம்மளைக் கழட்டி விட்டுடுவாங்க."

"ஃபைலோட விலாசம் முழுசா இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"முதல்ல ஒரு எழுத்து, பக்கத்துல கோலன், அதான் மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி. டிரைவ் பேர் வந்துட்டா அது முழு விலாசம். இதுல பார்க்க என்னங்க இருக்கு? நூறு தடவை பார்த்துட்டேன்!"

பார்த்தாராம்! எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோகிராமில் விலாசத்தைச் சோதிக்கிற அந்த ஒரு வரியை மட்டும் மனுஷன் யாரையும் தொடவிட மாட்டார்.

மேடம் கோபப்படவில்லை.

"அவங்க அனுப்பின லேப்டாப் டி பிளாக்ல இருக்கு. மூணாவது ரூம், மேசை மேல ஒரு பெட்டி. எடுத்துட்டு வாங்க."

குணாளன் முனகிக்கொண்டே கிளம்பினார். காண்டீனில் ஒரு காபி குடித்தார். பிறகு மூச்சு வாங்க ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

திறந்தால், போன வருஷத்து ஆயுத பூஜைத் தோரணம்.

"எந்தப் பக்கமா ஏறினீங்க?"

"காண்டீன்ல இருந்தேன். பின்பக்கப் படியில ஏறி, மூணாவது ரூம்."

"நான் சொன்னது முன்வாசல்ல இருந்து மூணாவது."

குணாளனுக்கு வந்ததே கோபம்! பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டார்.

"என்ன மேடம், விளையாடறீங்களா? எங்க இருந்து எண்ணணும்னு சொல்ல வேணாமா? நீங்க சொல்லலைன்னா நான் நிக்கிற இடத்துல இருந்துதானே எண்ணுவேன்? எவனா இருந்தாலும் தப்பாத்தான் எடுத்துட்டு வருவான்!"

"அதான் டி பிளாக்னு சொன்னேனேங்க," என்றார் மேடம். "அது முழு விலாசம் இல்லையா?"