தேர்வில் தோற்ற துபாஷி

மொழிபெயர்ப்பு மேற்படிப்பில் சேர வருகிறவர்களை உட்காரவைத்து ஆங்கிலத் தேர்வு வைக்கும் வழக்கம் அண்மையில் வந்தது என்று நன்றாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். இவ்வளவு பெரிய பிழையை இனியும் வளரவிடுவது அறமாகாது. அந்த வழக்கத்தை முதலில் கண்டவர்கள் மருங்கூர்ச் சமஸ்தானத்தார். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அவர்களே கண்டுவிட்டார்கள். மற்ற தேசங்களுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மருங்கூர் கடற்கரை ராஜ்யம். மிளகு வாங்க ஆங்கிலேயர் வருவார்கள். அரசர் கதிர்வேல் பூபதிக்கு ஆங்கிலம் தெரியாது. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று இரு பக்கத்துக்கும் பேசியவள் அரண்மனைத் துபாஷி சூசையம்மாள். பேரம் முற்றிக் கைகள் வாளைத் தேடும்போதுகூட அவள் குரல் ஏறாது. சொன்னதைச் சொல்வாள். சொல்லாததைச் சொல்லமாட்டாள்.

அந்த இடத்தில் தம் அக்காள் மகன் மருதப்பனை வைத்துவிட வேண்டும் என்று பிரதானி மார்த்தாண்டருக்கு ஆசை. ஆசைக்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்தார். துபாஷிக் கல்லூரி ஒன்று திறந்தார்கள். அதில் படித்தவர்தான் இனி அரண்மனைத் துபாஷி. அதில் சேர ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு நடத்த ஹார்க்கின்ஸ் துரை வந்து இறங்கினார். அவர் தரும் மதிப்பெண் இரண்டாண்டுக்கு மட்டுமே செல்லும். அதற்குமேல் ஆங்கிலம் ஆவியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

அவையின் விகடகவி தில்லைவிடங்கனுக்குத் தேர்வு மண்டபத்தில் வேலை ஒன்றும் இல்லை. ஆகவே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். துரை கொடுத்த தலைப்பு, உறைபனி பெய்யும் காலை. அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிரதானி அமர்த்திய பயிற்சி ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை மருதப்பன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஓரிடத்தில் கண்ணீரும் விட்டான். அவனுடைய தாத்தா பனியில் சறுக்கி விழுந்த இடமாம் அது. தாத்தாவைத் தில்லைவிடங்கனுக்குத் தெரியும். மருங்கூர் வெயிலுக்குப் பயந்து வாசல் தாண்டாதவர்.

சூசையம்மாள் ஒரே வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தினாள். அது என்ன வாக்கியம் என்று தில்லைவிடங்கன் பிறகு விசாரித்தார். தான் உறைபனியைப் பார்த்ததில்லை என்று சொன்னாளாம். காணாததைப் பற்றி அவ்வளவு சொன்னால் போதும் என்று நினைத்தாளாம்.

மறுநாள் அவை கூடியது. அரசர் நல்ல மனநிலையில் இல்லை. முதலிலேயே தில்லைவிடங்கனைப் பார்த்தார்.

"ஓய், உம்முடைய முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. துரையின் தீர்ப்பை மாற்றச் சொல்லி வாயைத் திறந்தீரானால், நாளையிலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டாம்."

"மாற்றுவதா? அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன், அரசே."

துரை எழுந்து தாளை விரித்து வாசித்தார். மாதக் கடைசிவரை சூசையம்மாள்தான் துபாஷி. ஆகவே அவளே பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். மருதப்பன் முழு மதிப்பெண் பெற்றான் என்றாள். சூசையம்மாளுக்குத் துபாஷி வேலைக்குப் போதுமான ஆங்கிலம் இல்லை, அவள் சொல்லும் மொழிபெயர்ப்பை யாரும் நம்ப முடியாது என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார். அரசருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான் என்றார். தில்லைவிடங்கன் கைகட்டி முன்னே வந்தார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். துரை என்ன தீர்ப்புச் சொன்னார் என்று அரசர் ஒரு தரம் சொன்னால் நல்லது."

"இவளுடைய மொழிபெயர்ப்பை நம்ப முடியாதாம்."

"அப்படித் துரை சொன்னது அரசருக்கு எப்படித் தெரியும்?"

"இப்போதுதானே இவள் சொன்னாள்?"

"இவள் சொன்னதையா அரசர் நம்பிவிட்டார்?"

அவையில் ஒருவர் இருமினார். அரசர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி தூணைப் பார்த்தார்.

தில்லைவிடங்கன் பணிவு குறையாமல் தொடர்ந்தார். "தீர்ப்பு சரியென்றால், தீர்ப்பு இன்னதென்று நமக்குத் தெரியாது. தெரியும் என்றால், தீர்ப்பு சரியில்லை. இரண்டில் எது வேண்டுமானாலும் அரசர் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

அரசருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் சூசையம்மாளுக்குக் கல்லூரியில் இடமும், படிக்கும் காலம் முழுக்கச் சம்பளத்தோடு துபாஷி வேலையும் எழுதித் தரச் சொன்னார். தில்லைவிடங்கனுக்கு ஒரு பட்டுச் சால்வை.

தம்முடைய தாள் ஓரமாகப் போனதைத் துரை பார்த்தார். முகம் சிவந்தது. கைத்தடியால் தரையைத் தட்டினார். கடல் இருக்கும் திசையைக் காட்டிக்காட்டி வெகுநேரம் பேசினார். சூசையம்மாள் வாயெடுக்கும் முன்பே பிரதானி குறுக்கே வந்தார். முழு மதிப்பெண் வாங்கியவன் இருக்கும்போது ஐயத்துக்கு இடமான ஆள் எதற்கு என்று கேட்டார். நியாயம்தான் என்றார் அரசர்.

மருதப்பனுக்கு உறைபனியைத் தவிர வேறெதுவும் பாடமில்லை. துரையின் விரல் போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நம் ஊர்க் கடற்காற்று துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், அரசே. இன்னும் ஓராண்டு இங்கேயே இருந்து சேவை செய்ய உத்தரவு கேட்கிறார்."

அரசர் உருகிப்போனார். தந்தேன் என்றார்.

தில்லைவிடங்கன் சூசையம்மாள் பக்கம் சாய்ந்து, துரை உண்மையில் என்னதான் சொன்னார் என்று மெல்லக் கேட்டார்.

"கல்லூரியில் சேர்ந்து படித்துவிட்டுச் சொல்கிறேன், ஐயா," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை புறப்பட்ட கப்பலில், ஹார்க்கின்ஸ் துரைக்கு ஒதுக்கியிருந்த அறையில் மிளகு மூட்டைகளை ஏற்றினார்கள்.